கல்லை உடைத்தவர்

கேள்வி: எங்கள் ஊரில் மழையே அபூர்வம். மழைநீர்த் தொட்டி எதற்கு சார்? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: மழை கொட்டுகிற ஊரானால் நானும் அதையேதான் கேட்பேன்! அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்து டூசான் நகரில் ஆண்டு மழை சுமார் 280 மி.மீ.தான். உங்கள் ஊரில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அங்கே பிராட் லங்காஸ்டர் என்பவர் தெருவோரக் கல்வரம்பை வெட்டி, சாலையில் ஓடிய மழைநீரை மரத்தடிப் பள்ளத்துக்குத் திருப்பினார். அப்போது அது சட்டவிரோதம்; பிறகு நகராட்சியே அனுமதித்துவிட்டது. அவர் சட்டத்தை மீறிச் சேமித்தார். நாமோ 2003-இல் தமிழ்நாட்டின் மழைநீர் சேகரிப்புச் சட்டத்துக்குப் பயந்து குழாய் வைத்தோம். (அதன் மறுமுனை எங்கே போகிறதென்று பார்த்தீர்களா?) ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 280 மி.மீ. பெய்தாலே சுமார் 26,000 லிட்டர். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். அது காக்காய் எச்சம் கழுவிய தண்ணீர்.