அட்டைப்பெட்டி அரக்கன்

ஹாலோவீன் கொண்டாடும் ஆவடி, பூந்தமல்லி அடுக்ககங்களில் அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் கதைப்புத்தக அரக்கர்களாகிறார்கள். ஜூலியா டொனால்ட்சன் எழுதி 1999-இல் வெளியான ‘தி க்ரஃபலோ’ நூலின் அரக்கன் இதற்குத் தோது: ஆரஞ்சுக் கண், கறுப்பு நாக்கு, முதுகில் ஊதா முட்கள், மூக்கு நுனியில் நச்சு மரு. உடலுக்கு ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, முட்களுக்குத் தெர்மகோல், ரோமத்துக்குத் தேங்காய் நார். நார் பட்டதும் பிள்ளை சொறியத் தொடங்கும். அரக்கனின் உடல்மொழி அப்போதே வந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால் மேலே பாலிதீன் உறை அவசியம். உள்ளே வேர்ப்பது தனிக் கணக்கு.

பயமுறுத்துவதுதான் சிக்கல். அம்பத்தூரில் கட்டி முடியாத வீடுகளில் கோரைப்பல்லும் முறுக்கு மீசையுமாகத் திருஷ்டி பொம்மைகள் ஆண்டு முழுக்கச் சம்பளமின்றித் தொங்குகின்றன. ஆயுத பூஜைக்குத் தொழிற்பேட்டை வாசல்களில் குங்குமம் அப்பிய பூசணி உடைகிறது. இவற்றைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அட்டைக்கு அசைவதில்லை.

சிக்கனத்துக்குத் திருச்செந்தூர் சூரசம்ஹாரமே முன்மாதிரி. அங்கே அசுரன் உருவத்துக்கு யானைமுகம், சிங்கமுகம், சூரபத்மன் என்று தலை மட்டும்தான் மாறும். அடுத்த ஆண்டுக்கு அதே பெட்டி போதும், பிள்ளை வளராமல் இருந்தால்.