பாட்டுச் சொல்லித் தருபவர் கவனத்துக்கு

கேள்வி: இசைக்கு ஏது அரசியல்? – மன்னார்குடி வாசகர்

பதில்: ஸ்வரத்துக்கு இல்லை. அதை யாருக்குச் சொல்லித் தருவது, எந்தப் பாட்டில் தொடங்குவது என்று முடிவெடுக்கும்போது வந்துவிடுகிறது.

கேள்வி: தமிழிசை இயக்கத்தால் வகுப்பறை மாறியதா? – கடலூர் வாசகி

பதில்: மாறியது. கச்சேரியின் கடைசியில் துக்கடாவாகத் தமிழ்ப் பாட்டு ஒதுங்கி நின்ற காலம் அது. அண்ணாமலை செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். ராஜாஜியும் கல்கியும் அதற்காக வாதாடினார்கள். பாட்டுக்கு மொழி முக்கியமில்லை என்று எதிர்த்தவர்களும் உண்டு. முத்துத்தாண்டவரும் கோபாலகிருஷ்ண பாரதியும் இன்று பாடத்திட்டத்தில் இருப்பதில் அந்தச் சண்டைக்குப் பெரும் பங்கு.

கேள்வி: நான் பாட்டு டீச்சர். புதிதாகச் சேர்ந்த முஸ்லிம் சிறுமிக்கு முதல் கீதமே பிள்ளையார்மேல் வருகிறது. என்ன செய்யட்டும்? – திருச்சி வாசகி

பதில்: சரளி, ஜண்டை, அலங்காரம் வரை சிக்கலில்லை, மாயாமாளவகௌளை எல்லாருக்கும் பொது. மலஹரி ராகத்தில் வரும் அந்தப் பிள்ளையார் கீதத்துக்கு முன் அவள் வீட்டாரிடம் பேசிவிடுங்கள். சம்மதமென்றால் பாடட்டும். மனம் ஒப்பவில்லையென்றால் ஸ்வரமாக மட்டும் பாடட்டும். ராகமும் தாளமும் குறைந்துபோகாது. பிறகு மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளுக்குப் போகலாம். எல்லா மதத்தாரும் பாடவென்றே அவர் எழுதியவை அவை. ‘ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் நாதசுரம் வாசிக்கவில்லையா?’ என்று யாராவது கேட்பார்கள். அவர் விரும்பி வாசித்தார். அவரைக் காட்டி ஒரு குழந்தையைக் கட்டாயப்படுத்துவது தப்பு.

கேள்வி: பெண் பிள்ளைக்கு மிருதங்கம் எதற்கு என்கிறார் என் மாமியார். – காரைக்குடி வாசகி

பதில்: உங்கள் பக்கத்து ஊர் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், போன நூற்றாண்டிலேயே மேடையில் மிருதங்கம் வாசித்தவர். தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். அரங்கேற்றத்தில் மாமியாருக்கு முன்வரிசை.

கேள்வி: பறைக்குத்தான் இப்போது பயிற்சி முகாம்கள் இருக்கின்றனவே, இசைப்பள்ளியிலும் வேண்டுமா? – மதுரை வாசகர்

பதில்: வேண்டும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழும் மூன்றாண்டுப் பாடங்கள். அந்தப் பட்டியலில் பறை இல்லை. பறையைச் சாவு வீட்டோடு நிறுத்தி வைத்தது சாதி. தீயில் காய்ச்சித் தோலை விறைக்க வைப்பது, ஒரு கையில் தடித்த அடிகுச்சி, மறு கையில் மெல்லிய சிம்புக்குச்சி என்று இரண்டையும் தனித்தனியாகப் பேச வைப்பது எல்லாம் வாரக் கடைசி முகாமில் வந்துவிடாது. உங்கள் ஊர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரைப் போன்றவர்களை முழுச் சம்பளத்தில் ஆசிரியராக வையுங்கள் என்று கலை பண்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.