பல்லின் மேல் பழி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு காம்பராவில் யாராவது இருமினால் அடுத்த காம்பராவில் கொத்தமல்லி கொதிக்கும். நடுச்சுவரின் லட்சணம் அப்படி. மகன் சாப்பிட மறுக்கிறான் என்பதை நான் யாருக்கும் சொல்லத் தேவைப்படவில்லை. அவன் துப்பிய சத்தம் கேட்டே பக்கத்துக் காம்பராப் பெரியம்மா அங்கிருந்தபடி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பல்லு கெளம்புது தம்பி, அதான்."

பெரியம்மாவின் வைத்தியத்தில் பல்தான் சகலத்துக்கும் காரணம். எச்சில் வடிந்தால் பல், காதை இழுத்தால் பல், வயிற்றால் போனால் பல். ஹட்டன் பக்கத்து ஜூன் மழையில் சளி பிடித்தால் அதுவும் பல். பால் பற்கள் மொத்தம் 20, எல்லாம் வந்து முடிய மூன்று வயதாகும் என்பதால் அவருக்குக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. எச்சில், ஈறு வீக்கம், சிணுங்கல், லேசான உடம்புச் சூடு வரை பல்லின் கணக்கில் எழுதலாம். காய்ச்சல் கொதித்தாலோ வயிற்றால் போனாலோ வேறு காரணம் பாருங்கள் என்று மிட்வைஃப் மிஸ் கிளினிக்கில் கத்துகிறார். வேறு காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஈறு அரிப்பில் அவன் அம்மா இடுப்பில் கட்டும் படங்கின் கயிறு, கொழுந்துக் கூடை விளிம்பு, என் செருப்பு எல்லாம் வாய்க்குள் போகின்றன. செருப்பின் மேல் மட்டும் யாரும் பழி போடுவதில்லை.

பெரியம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட காலத்தில், அவருடைய நாட்டில் படித்த வைத்தியர்களே பிள்ளைகளின் ஈறைக் கத்தியால் கீறிவிட்டார்கள். இறந்த பிள்ளைக்குப் பதிவேட்டில் 'பல் முளைத்தல்' என்று காரணம் எழுதினார்கள். பல் வலிக்கென்று கடையில் விற்ற பொடியில் பாதரசம் இருந்தது. அது ஒழிய 1950கள் வரை ஆயிற்று. அந்தத் தொரைமாரின் வைத்தியத்துக்குப் பெரியம்மா எவ்வளவோ மேல். அவர் பிள்ளைக்குக் கடிக்கக் கொடுப்பது வெறும் ரொட்டிதான்.

நுவரெலியாக் கரட்டுக்காகக் கொழும்புக்காரர்கள் ரோட்டோரத்தில் காரை நிறுத்துகிறார்கள். அதே கரட்டை நான் அவித்து மசித்துக் கரண்டியில் ஏந்திப் போனால், மகன் இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக்கொண்டு, தலையைத் திருப்பி, புறங்கையால் ஒரு தட்டுத் தட்டுவான். என் சட்டை முழுக்கக் கரட். சோளமும் சோயாவும் சேர்த்து அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற திரிபோஷவுக்கும் அதே மரியாதைதான். மிச்சத்தில் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருட்டி நானும் மூத்தவளும் தின்றோம். எங்கள் நிறை ஏறியது. கிளினிக் கொப்பியில் அவனுடைய கோடு படுத்துக் கிடந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா ஊட்டினால் ஒழுங்காக வாங்குகிறானாம். தேத்தண்ணி நேரத்தில் மலையிலிருந்து இறங்கி ஓடிவந்து பால் கொடுக்கிற அம்மாவைத்தான் கடிக்கிறான். அவள் திரும்ப ஏறிப் போவதற்குள் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான்.

ஈறு வலிக்குக் குளிரூட்டிய வளையத்தைக் கடிக்கக் கொடுக்கலாம் என்கிறார்கள். எங்களுக்கு எதற்குப் பிரிட்ஜ்? துணியை நனைத்துப் பிழிந்து இரவு ஜன்னல் கட்டையில் போட்டால் விடியும்போது சில்லிட்டுக் கிடக்கும். அதைக் கொஞ்ச நேரம் கடித்த பிறகு கொடுத்தால் கரட் இரண்டு வாய் இறங்குகிறது.

பெரியம்மாவோ நான் இல்லாத நேரம் பார்த்து ரொட்டி ஓரத்தைச் சாயத் தண்ணியில் நனைத்துக் கையில் கொடுத்திருக்கிறார். இது மிட்வைஃப் மிஸ் காதுக்கு எட்டியது. தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, பிள்ளைக்கு ஆகவே ஆகாது என்று விளக்கினார். "ஒலகமே எங்க தேத்தண்ணியக் குடிக்குது, எங்க புள்ள குடிக்கக் கூடாதா?" என்றார் பெரியம்மா. நியாயமான கேள்விதான், ஆனாலும் மிஸ் அசையவில்லை. கடைசியில் ரொட்டி ஓரம் இருக்கலாம், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், சாயம் கூடாது என்று பேசி முடித்தார்கள்.

அடுத்த கிளினிக்கில் கீழ் ஈறில் இரண்டு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. தராசு முள்ளும் ஏறியது. ஆயம்மா தன் கைராசி என்றார். நான் ஜன்னல் துணி என்றேன். பெரியம்மா, எல்லாம் ரொட்டிதான் என்று அடித்துச் சொன்னார்.

என் மனைவி கொப்பியை வாங்கிப் பையில் போட்டாள். "கடி வாங்குனது நானு, பேரு ரொட்டிக்கா?"