நடந்து எடுத்த படம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறையில் மாமாவிடம் இருந்தது ஒரேயொரு யஷிகா மாட் கமரா. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேலது பார்க்க, கீழது படம் பிடிக்க. இரண்டும் 80 மி.மீ., கழற்ற முடியாது, சூம் கிடையாது. ஒரு 120 பிலிம் சுருளில் 12 படம்தான்.

கலியாண வீட்டில் எல்லாரையும் படத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் வேலியில் முதுகு முட்டும்வரை பின்னால் போவார். பொம்பிளையின் முகம் பெரிதாக வேண்டுமென்றால் முன்னால் வருவார். "முதல்ல எங்க நிக்கிறதெண்டு பார் தம்பி, பிறகு கமராவைப் பார்க்கலாம்" என்பார். 1990இல் தீவைவிட்டு இடம்பெயர்ந்தபோது கமராவும் நெகட்டிவ் பெட்டியும் வீட்டோடு போயின. எஞ்சியவை அதற்கு முன்பே வெளிநாட்டு உறவினருக்குத் தபாலில் போன சில படங்கள். அவற்றில் ஒரு மயிர் பிசகாத தெளிவு இன்றும் இருக்கிறது.

இன்று குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நிற்கும் பலருடைய போனில் இரண்டு மூன்று லென்ஸ். மாமா நினைத்தும் பார்த்திராத வசதி. ஆனால் நின்ற இடத்திலேயே நின்று, இரண்டு விரலால் திரையை விரிக்கிறார்கள். என் கவலை அதில்தான்.

திரையில் 1 என்று காட்டுவது, பழைய 35 மி.மீ. பிலிம் கணக்கில், பெரும்பாலும் 24 மி.மீ. அளவான அகல லென்ஸ். 0.5 என்பது சுமார் 13 மி.மீ. 3 அல்லது 5 என்று தனி லென்ஸ் இருந்தால் அது கண்ணாடியாலேயே தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும். இடைப்பட்ட எண்களிலும், கடைசி லென்ஸைத் தாண்டிய எண்களிலும் நடப்பது வெட்டிப் பெருப்பித்தல். நாலு மடங்கு பெருப்பித்தால் படத்தில் மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. மற்றதைப் போன் ஊகித்து நிரப்பும். நெடுந்தீவுக் குதிரையின் பிடரி மயிர் மெழுகிவிட்டதுபோல வருவது அதனால்தான். 48 மெகாபிக்சல் சென்சர் என்றால் 2 வரை பயமில்லை, நடுவை மட்டும் வெட்டினாலும் 12 மெகாபிக்சல் நிற்கும். ஆகவே குதிரையைத் துரத்தாமல், அது தலை நிமிர்த்தாத தூரம்வரை மெல்ல நடந்துபோய் 2இல் எடுங்கள்.

முகம் எடுக்கவும் அதுவே நல்லது. 1இல் முகத்தோடு ஒட்டி நின்றால் மூக்கு பெருக்கும். அது லென்ஸின் குற்றமல்ல, நெருக்கத்தின் குற்றம். இரண்டடி பின்வாங்கி 2 அல்லது 3 வைத்தால் முகம் முகமாக இருக்கும். மாமாவின் 80 மி.மீ., அந்தப் பெரிய பிலிமில், இன்றைய கணக்குக்குச் சுமார் 44 மி.மீ.; போனின் 2க்குச் சற்றுக் குறைவு. அவருடைய மணப்பெண்கள் அழகாயிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

0.5 வேண்டாமென்று சொல்லமாட்டேன். நெடுந்தீவுப் பெருக்குமரத்தின் பொந்துக்குள் நின்று எடுக்க அதைவிட்டால் வழியில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோபுரத்தடியில் நின்று போனை அண்ணாந்து பிடிக்கும்போதுதான் அது கெடுக்கும். கோபுரம் பின்னால் சாயும். இறங்குதுறைப் பக்கம் தள்ளிப்போய்ப் போனை நிமிர்த்திப் பிடித்தால் நேராக நிற்கும்.

காலால் முடியாத இடமும் உண்டு. ஊர்காவற்றுறைக் கரையிலிருந்து பார்த்தால் ஹம்மன்ஹீல் கோட்டை கடலுக்குள் இருக்கிறது. மாமாவின் படத்தில் அது ஒரு கீறல் மாதிரி. முன்னால் போக அவருக்கு நிலம் இல்லை. போன மாசியில் மருமகள் தன் போனின் 5இல் எடுத்த படத்தில் சுவரின் கல் தெரிந்தது. அந்தக் கண்ணாடியை மாமாவின் கையில் கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு மனம் கனத்தது.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வெளிச்சம் மங்கினால் பல போன்கள் 3 என்று காட்டிக்கொண்டே 1இன் பிரதான லென்ஸின் படத்தை வெட்டித்தரும், அதற்குத்தான் ஒளி கூடப் பிடிக்கும் என்பதால். திருவிழா மாலையில் சந்தேகமாயிருந்தால் பிரதான லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருண்டால் 3இன் கண்ணாடி வேலை செய்யவில்லை. கோயில் வாசலுக்குக் கிட்டப் போய் 1இல் எடுத்தால்தான் விளக்குகள் விளக்குகளாக விழும்.