ஹெதர்செட்டில் மலையைக் காணோம்

இல்போர்ட், லண்டன்
ஆகஸ்ட் கடைசி

அன்புள்ள பெரியண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நாங்க எல்லாரும் நல்ல சுகம். உங்க சுகத்துக்கும் லீக்ஸ் வெலைக்கும் மாரியாத்தா துணை.

இங்க பள்ளிக்கூடம் ஜூலைக் கடைசியில பூட்டினா செப்டம்பர்லதான் தெறக்கும். பிள்ளைகளோட சும்மா இருக்கலாம்னு நானும் ஒரு மாசம் லீவு போட்டேன். உங்க தம்பி பொண்டாட்டி போட்ட கணக்கு வேற. காலையில ஏழு மணிக்குக் குசினியில பெரட்டு. பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறது அவதான். மகனுக்குப் புல்லுவெட்டு, மகளுக்கு அலுமாரி துப்புரவு, எனக்கு வேலிக்குச் சாயம். பத்து மணிக்குத் தேத்தண்ணியோட கொஞ்சம் சாஞ்சா, "இன்னைக்கு உங்களுக்கு அரைப்பேர்தான், பாதிக் கூலிதான்"னு சத்தம் வருது. தேயிலைத் தோட்டத்துல தாத்தா கங்காணிகிட்ட வாங்கின பேச்சை நான் சொந்த வீட்டுல வாங்குறேன். (இருபத்தஞ்சு வருஷம் பேங்குக்குத் தவணை கட்ட வேண்டிய வீட்டை இந்த நாட்டுல சொந்த வீடுன்னுதான் சொல்றது.)

வேலி விஷயம் சின்ன விஷயமில்லண்ணே. ரெண்டு மீட்டருக்கு மேல உசத்தணும்னா கவுன்சில்ல அனுமதி கேக்கணும். நம்ம பக்கத்துக்கு எந்தச் சாயமும் பூசலாம், அது அடுத்த பக்கம் ஒழுகினா மட்டும் மன்னிப்புக் கடிதம் எழுதணும். பழைய பலகையைக் குப்பையில போடக்கூட கம்ப்யூட்டர்ல நாள் நேரம் குறிச்சுப் பதியணும். நல்ல நேரம் பாத்துக் குப்பை கொட்டுற ஜனங்க இவங்கதான்.

பின்பக்கம் புதரா வளந்து கெடந்த செடியை ஒரு கவ்வாத்து போட்டுடலாம்னு கத்திரியோட போனேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி செருப்புகூடப் போடாம ஓடி வந்தாங்க. உள்ள குருவிக்கூடு இருக்காம். குஞ்சு பறக்குற வரைக்கும் கூட்டைக் கலைச்சா குத்தம், 1981ல போட்ட சட்டம். குருவி ஒரு தவணையும் கட்டாம உள்ள இருக்கு, தவணை கட்டுற நான் வெளியில நிக்கிறேன். நம்ம ஆளுங்க இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து 200 வருஷமாச்சுன்னு 2023ல தலைமன்னார்லருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்களே, இன்னும் லயத்துக் கோடியில ஒரு குசினி இழுத்துக் கட்டத் தோட்டத்து ஆபீஸ்லதான கேக்கணும்? எல்லாரும் குருவின்னு பதிஞ்சிருந்தா காரியம் எப்பவோ முடிஞ்சிருக்கும்.

வெயிலைப் பத்தியும் சொல்லணும். குளிருமேன்னு அம்மா கட்டிக் கொடுத்த கம்பளி அலுமாரிக்கு மேல தூங்குது. நான் பேன் தேடிக் கடை கடையா அலையுறேன். வீடெல்லாம் சூட்டை அடைச்சு வைக்கத்தான் கட்டியிருக்காங்க. 2022 ஜூலையில இந்த நாட்டுல 40 பாகையத் தாண்டிடுச்சு. குளிர் மலையில வளந்த கந்தப்பளைக்காரன் வேர்வையில குளிக்கணும்னா இங்கிலாந்துக்கு வந்தாத்தான் முடியும்.

சொந்தக்காரங்களப் பாக்குறதும் இந்த மாசத்துலதான். ஹரோவுல இருக்கிற சித்தி மக வீட்டுக்குப் போனோம். போற வழி முழுக்க கார் நடந்துதான் போச்சு. ஏழு கறி வச்சிருந்தா. கிளம்புறப்ப ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுல கோழிக்கறி கட்டிக் கொடுத்தா. வீட்டுக்கு வந்து மூடியத் தெறந்தா, ஓரத்துல எங்க வீட்டு அடுப்புல சுட்ட தழும்பு! போன வருஷம் எங்ககிட்டருந்து போன டப்பா, இடையில எத்தனை வீடு பாத்துச்சோ.

அப்புறம் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேர். வெறுங்காலோட தார் ரோட்டுல நடந்தோம், தேங்கா உடைச்ச எடத்துல கால் வழுக்குது, போலீஸ்காரங்க பஸ்ஸ வேற பக்கம் திருப்பி விடுறாங்க. பக்கத்துல வந்த ஒரு ஐயா, "தம்பி எந்த ஊர்?"னாரு. கந்தப்பளைன்னேன். யோசிச்சுப் பாத்துட்டு, "அது வவுனியாவுக்கு அங்காலயோ?"ன்னாரு. நுவரெலியாவுக்குப் பக்கம்னதும் முகம் மலந்துடுச்சு. "ஓ, ஏப்ரல்ல சீசனுக்கு வந்தனாங்கள், நல்ல பூ!" நாம பூவுக்குப் பின்னால நின்னதால அவருக்குத் தெரியல போல.

ஆனா உங்களுக்கு எழுத உக்காந்தது வேற ஒண்ணுக்கு. மேசைல இங்கிலாந்துப் படத்தை விரிச்சு வச்சு உல்லாசப் பயணத்துக்கு எடம் தேடினப்ப, நோர்விச் பக்கத்துல ஹெதர்செட்னு ஒரு ஊர் கண்ணுல பட்டுச்சு. ஆமாண்ணே, நம்ம ஹெதர்செட். 1879ல நம்ம பக்கத்துல தோட்டம் தொறந்த வில்லியம் பிளவர்டியூ தொரை வச்ச பேர் இங்கருந்து போனதுதான். பிள்ளைக கடலுக்குப் போகணும்னு அழுதுச்சுக. நான் விடல.

போனா, மலையைக் காணோம். அந்த நோர்போக் மாவட்டத்துலயே உச்சி மேடு 350 அடிகூட இல்ல. நம்ம கந்தப்பளைப் பழைய ரயில் ஸ்டேஷன் 6,316 அடி! தட்டு மாதிரிக் கெடக்குற காடு, அறுத்த பார்லித் தாள், அப்புறம் பீட்ரூட்டுக்குப் பங்காளி மாதிரி ஒரு கிழங்கு. அதுலருந்துதான் சீனி எடுக்குறாங்களாம். ஒரு தேயிலைச் செடி இல்ல. ஒரு கடையில டீ கேட்டு வாங்கினேன், கோப்பைக்குள்ள பை முங்கிக் கெடந்துச்சு. "இந்த ஊர்ப் பேர்ல எங்க ஊர்ல ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கு, அதோட பேக்டரி இப்ப பெரிய ஹோட்டல்"னு கடைக்கார அக்காகிட்டச் சொன்னேன். "ரொம்ப நல்லது, சீனி வேணுமா?"ன்னாங்க.

ஊருக்கு வெளியில ரோட்டோரமா ஒரு பழைய கருவாலி மரம். முட்டுக் கொடுத்து நிப்பாட்டியிருக்காங்க. பேர் கெட் மரம். மகன் போன்ல தேடி வாசிச்சான். 1549 ஜூலையில, பொது மேய்ச்சல் நிலத்தை வளைச்சு வேலி போட்ட பணக்காரங்க மேல ஏழைச் சனம் பொங்கியிருக்கு. ஹெதர்செட்ல வேலி போட்டிருந்தவரு ஒரு வக்கீல். அவரு பேரும் பிளவர்டியூ! கூட்டம் தன் வேலியைப் பிடுங்க வந்ததும், கையில காசு கொடுத்து, "ராபர்ட் கெட்டும்தான் வேலி போட்டிருக்கான், அங்க போங்க"ன்னு திருப்பி விட்டிருக்காரு. போனாங்க. கெட் என்ன பண்ணினாரு தெரியுமா? நீங்க கேக்குறது நியாயம்னு சொல்லித் தன் வேலியைத் தானே கூடச் சேர்ந்து பிடுங்கிட்டு, அதே கூட்டத்துக்குத் தலைமை தாங்கி பிளவர்டியூ வேலிக்குத் திரும்ப வந்துட்டாரு. கடைசியில அந்த டிசம்பர்ல நோர்விச் கோட்டையில தூக்குல போட்டாங்க. 1949ல அதே கோட்டைச் சுவத்துல அவருக்கு மரியாதையா ஒரு கல்லும் பதிச்சாங்க.

நான் வாயத் தெறந்து கேட்டுக்கிட்டிருக்கேன். உங்க தம்பி பொண்டாட்டி மட்டும் மரத்தைப் பாக்காம என்னைப் பாக்குறா. "அவரு வேலியைப் பிடுங்கினாரு, சரி. நீங்க பிடுங்கிடாதீங்க. இன்னும் ரெண்டாம் பூச்சு பாக்கி."

அண்ணே, இந்தக் கதையை நம்ம யூனியன்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. கெட் மாதிரி தன் வேலியில ஆரம்பிக்க அவரு ஆளில்ல, நேரா உங்க லீக்ஸ் பாத்திக்குத்தான் வருவாரு.

இப்படிக்கு,
சாயம் காயாத கையோட,
உங்க தம்பி