பயர்பேஸ்

மேஸ்திரி கொடுத்த கணக்குச் சீட்டின் கடைசி வரியில் 'பயர்பேஸ் – 1' என்று இருந்தது. "பிளேஸ், மேஸ்திரி. பயர்பிளேஸ்" என்றேன். அவர் பேரிகைப் பக்கத்துக்காரர். தெலுங்கில் கணக்குப் போட்டு, தமிழில் பேசி, கன்னடத்தில் கோபப்படுகிறவர். "எதுவானா என்ன சார், நெருப்புக்கு ஒரு மூஞ்சி கேட்டீங்க, வெச்சுக் குடுத்துட்டேன்" என்றார். நானும் சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மூஞ்சி வைத்தவர் மூக்கு வைக்கவில்லை என்பது டிசம்பரில்தான் தெரிந்தது.

ஓசூரில் எதற்கய்யா கணப்பு என்று சென்னைக்காரர்கள் கேட்பார்கள். கடல் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட 3,000 அடி மேலே உட்கார்ந்திருக்கிறோம். மார்கழியில் அத்திப்பள்ளி தாண்டி வருகிற லாரிகள் விடிந்த பிறகும் விளக்கை அணைப்பதில்லை. பக்கத்துத் தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்றே கூப்பிட்டார்கள். சேலம் கலெக்டராக இருந்த பிரெட் துரை, இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டை மாதிரியே ஓசூரில் ஒரு கோட்டை கட்டினார். எல்லாம் ஒரு பெண் ஆசைப்பட்டதால் என்று ஊரில் கதை. கோட்டை இன்று இடிந்து கிடக்கிறது. சிப்காட்டில் 31 வருஷம் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ரிடையரானவன், மத்திகிரிப் பக்கம் கட்டிய வீட்டில் ஒரு கணப்பு வைத்தால் ஊர் தாங்காதா?

ஆசைகூட என்னுடையது இல்லை, பையனுடையது. பெங்களூரிலிருந்து ஒரு டிசைனரைக் கூட்டி வந்தான். அவர் லேப்டாப்பைத் திறந்து எங்கள் ஹாலைக் காட்டினார். படத்தில் நெருப்பு எரிந்தது, முன்னால் ஒரு வெள்ளை நாய் படுத்திருந்தது. எங்களிடம் நாய் கிடையாது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நாலடி அகலம், மூன்றடி உயரத்தில் வாய். அதைச் சுற்றி பாரடைஸோ கிரானைட். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு வேறு கல்லைப் போட்டால் சொந்தக்காரர்கள் பேச மாட்டார்கள். இடம் அக்னி மூலை. சமையலறையும் அக்னி மூலையில்தான் வர வேண்டும் என்பதால் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டன. புகைக்குழாய் எட்டு அங்குல விட்டம். மொட்டை மாடிக்கு மேலே இரண்டடி எழும்பியதும் வாஸ்துக்காரர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். தென்மேற்கு டேங்கைவிட வேறெதுவும் உயரக் கூடாதாம். குழாய்க்கு நாலடி தள்ளி எட்டடி உயரத்தில் நின்ற மாடிப்படி ஹெட்ரூம் மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

முதல் நாள் விறகை அடுக்கி, கற்பூரம் வைத்துப் பற்றவைத்தோம். ஐந்து நிமிஷத்தில் எதிர்ச் சுவர்க் கடிகாரம் மறைந்தது. பக்கத்து வீட்டுப் பையன் பக்கெட்டில் தண்ணீரோடு ஓடிவந்தான். 84 வயது அம்மா மட்டும் அசையாமல் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "ஏன்டா, கொசுவுக்கா போட்டிருக்க?"

பழக்கதோஷம் விடுமா? காலண்டர் தாளின் பின்பக்கம் மீன்முள் படம் வரைந்தேன். ஆள், பொருள், இயந்திரம், முறை என்று முள்முள்ளாகப் பிரித்தேன். கம்பெனியில் ஐந்து தடவை 'ஏன்' கேட்டால் மூல காரணம் அகப்படும் என்பார்கள். ஏன் புகை வருகிறது? மேலே போகவில்லை. ஏன் போகவில்லை? இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? ஐந்தாவது ஏனில், "ஏன் இந்த வீட்டைக் கட்டினேன்?" என்று வந்து நின்றது. பேனாவை மூடிவிட்டேன்.

முதல் குற்றவாளி விறகுதான். மரவாடியில் மலிவாகக் கிடைத்தது என்று மாங்கட்டை வாங்கியிருந்தேன். ஏதோ தோப்பில் போன வாரம்வரை காய்த்த மரமாக இருக்க வேண்டும். நெருப்பில் வைத்ததும் உஸ்ஸென்று முனகி, வெட்டு முனையில் கெலவரப்பள்ளி அணை மாதிரி நுரை தள்ளியது. ஈர விறகு எரிவதற்கு முன்னால் தன் தண்ணீரைக் காய்ச்சி முடித்தாக வேண்டும். சூட்டில் ஒரு பங்கு அதிலேயே போகும், புகை கனத்துச் சோம்பலாகக் கிளம்பும், குழாய்க்குள் தாராகப் படியும். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்க்க அம்மா சொல்லிக் கொடுத்தாள். காய்ந்தது 'டங்'கென்று கேட்கும், ஈரம் 'தொப்'பென்று கேட்கும். என் ஒரு டன் விறகும் தொப்.

காய்ந்த புளியங்கட்டை வந்தது. புகை குறைந்ததே தவிர நிற்கவில்லை. குழாயில் மைனா கூடு இருந்தது, எடுத்தோம். குழாயைத் திறந்து மூடுகிற டேம்பர் தகடு பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டு பாதிதான் திறந்திருந்தது, தட்டிச் சரிசெய்தோம். அப்புறமும் புகை. ஒரு வாரம் நேரம் போட்டுப் பதிவேடு எழுதினேன். ராத்திரி ஏழரை வரை நெருப்பு ஓரளவு ஒழுங்காக இருக்கும். ஏழே முக்காலுக்குக் குபீரென்று ஹாலுக்குள் புகை வரும். எட்டேகாலுக்கு அடங்கும். ஏழு நாளும் அதே நேரம். அது தோசை நேரம். பதிவேட்டை மனைவியிடம் காட்டியது என் தவறு.

"ஏங்க, கடைசியில புகைக்கும் நான்தான் காரணமா?" என்றாள். அன்று தோசை ஹாலுக்கு வரவில்லை.

கம்பெனியில் கூட இருந்த பாய்லர் அட்டெண்டர் ஒருவரை அழைத்தேன். இரண்டாம் கிளாஸ் சர்ட்டிபிகேட் வாங்கியவர். நாங்கள் தாளில் தரம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஸ்டாக்கில் வரும் புகையின் நிறத்தைப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வார். வந்தவர் காப்பிகூடக் குடிக்கவில்லை. "நெருப்பு வேணாம் சார். ஒரு ஊதுபத்தி குடுங்க" என்றார்.

மனைவி சாமி அறையிலிருந்து சந்தனப் பத்தி ஒன்றைக் கொண்டுவந்தாள். அவர் அதைப் பற்றவைத்து, சாம்பல்கூட இல்லாத கணப்பின் வாயில், கிரானைட் விளிம்புக்குக் கீழே பிடித்தார். புகை மேலே போகாமல் நேராக அவர் சட்டையை நோக்கி வந்தது. குழாய் வழியாக வெளிக்காற்று வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது! "அம்மா, உங்க சிம்னிய நிறுத்துங்க" என்றார் மனைவியிடம். நம் ஊரில் இப்போது சிம்னி என்றால் சமையலறையில் அடுப்புக்கு மேலே கரண்டில் இரைகிற பெட்டிதான். அது நின்றதும் பத்திப் புகை குழம்பி, செங்குத்தாக எழுந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஆடியது. பிறகு சோபாவுக்குப் பின்னால் இருந்த ஜன்னலை நாலு விரற்கடை தள்ளிவிட்டு வந்தார். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு அந்த மெல்லிய நூல் மெதுவாகத் தலைசாய்த்து, கணப்புக்குள் நுழைந்து, குழாய்க்குள் ஏறியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சார், அந்தக் கிச்சன் சிம்னிதான் காத்த வெளிய இழுக்குற ஐடி ஃபேன். உங்க பயர்பிளேஸ்தான் அதுக்குக் காத்து வர்ற வழி. வீடுதான் பாய்லர். உள்ள வேகுறது நீங்க" என்றார்.

கணக்குப் போட்டேன். எங்கள் வீடு 1,200 சதுர அடி, உயரம் பத்தடி. உள்ளே இருக்கிற மொத்தக் காற்று சுமார் 340 கன மீட்டர். சமையலறைச் சிம்னியின் அட்டைப்பெட்டியில் போட்டிருந்த திறன், மணிக்கு 1,200 கன மீட்டர். ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்றை மூன்று தடவைக்கு மேல் வெளியே தள்ளுகிற சாமர்த்தியம். தள்ளின காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டுமே? லாரிச் சத்தத்துக்கும் தூசிக்கும் பயந்து, ஜன்னலெல்லாம் ரப்பர் பட்டை வைத்த யுபிவிசி போட்டு, கதவடியில் பிரஷ் ஒட்டி, எறும்பு மூச்சுவிடக்கூட இடமில்லாமல் கட்டியிருந்தேன். மிச்சமிருந்த ஒரே ஓட்டை புகைக்குழாய். பாவம், தலைகீழாக வேலை பார்த்தது.

பையனிடம் சொன்னபோது, இடிமின்னலில் பட்டம் விட்ட பெஞ்சமின் பிராங்க்ளின் இதைப் பற்றி எழுதியிருப்பதாகத் தேடி அனுப்பினான். 1785-ல் பிரான்சிலிருந்து கப்பலில் ஊர் திரும்புகையில், இங்கன்ஹவுஸ் என்ற டாக்டருக்கு, கணப்பு புகைவதற்கு ஒன்பது காரணங்களை எழுதியிருக்கிறார். முதல் காரணமே, இடுக்கில்லாமல் இறுக்கிக் கட்டிய புது வீட்டில் காற்று போதாமை. வாய் மிகப் பெரிதாக இருப்பது, குழாய் குட்டையாக இருப்பது, ஒரே வீட்டில் இரண்டு புகைபோக்கிகள் ஒன்றை ஒன்று இழுப்பது, குழாய்த் தலைக்குப் பக்கத்தில் அதைவிட உயரமான கட்டடம் நிற்பது என்று பட்டியல் போகிறது. ஒன்பதில் எங்களுக்கு ஐந்து. பாஸ் மார்க்குக்கு மேலேயே.

அப்புறம் வைத்தியம் வரிசையாக நடந்தது. எட்டு அங்குல வட்டக் குழாயின் பரப்பு சுமார் 50 சதுர அங்குலம். வாயின் பரப்பில் குழாய் பன்னிரண்டில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. என் வாய் 1,728 சதுர அங்குலம், அதாவது முப்பத்துநாலில் ஒரு பங்கு. பிள்ளையாருக்கு எலி மாதிரி. குழாயைப் பெரிதாக்கினால் சுவரை இடிக்க வேண்டும் என்பதால் வாயைச் சுருக்கினோம். செங்கல்லும் இரும்புத் தகடும் வைத்து இரண்டடிக்கு இரண்டடி ஆக்கியதில், காசு கொட்டி வாங்கிய பாரடைஸோவில் பாதி மறைந்தது.

அடுத்தது உயரம். குழாய்க்குள் இருக்கிற சூடான காற்று லேசானது; வெளியே இருக்கிற குளிர்ந்த காற்று கனமானது. கனம் கீழே புகுந்து லேசை மேலே தள்ளுவதுதான் இழுப்பு. சூடான தூண் எவ்வளவு உயரமோ அவ்வளவு இழுப்பு. பத்தடி தூரத்துக்குள் இருக்கிற எதையும்விடக் குழாய்த் தலை இரண்டடியாவது உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஹெட்ரூமில் மோதிப் புரள்கிற காற்று நேராகக் குழாய்க்குள் குதிக்கும். ஆக, இரண்டடிக் குழாய் பத்தடியானது. வாஸ்துக்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார். தென்மேற்கு டேங்கில் இன்னும் உயரமாக ஒரு கம்பி நட்டால் தோஷம் போய்விடும் என்றார். நட்டோம். கம்பியின் உச்சியில் இப்போது ஒரு காக்கை உட்கார்ந்து குழாயை மேற்பார்வை பார்க்கிறது.

பற்றவைக்கும் முறையையும் பாய்லர்காரர் மாற்றினார். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த குழாய்க்குள் கனத்த காற்று அடைத்துக்கொண்டிருக்கும். அதை எழுப்பாமல் விறகைப் பற்றவைத்தால் புகைக்குப் போக வழியிருக்காது. இரண்டு தாள் தினசரியைச் சுருட்டிக் கொளுத்தி, டேம்பர் வாயில் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டும். உள்ளே 'ஹூம்' என்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகு சின்னச் சுள்ளி, அப்புறம் புளியங்கட்டை. நெருப்பு நிமிர்ந்து நின்று எரிந்தது. ஒரு இழை புகை வெளியே வரவில்லை. மனைவி தோசை வார்க்கும்போது சமையலறை ஜன்னலைத் திறந்து வைப்பதாக ஒப்பந்தம். ஹால் ஜன்னலில் நாலு விரற்கடை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். இதில் விளையாட்டுக்கு இடமில்லை. ஊட்டி, கொடைக்கானலில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியை எல்லோரும் படித்திருக்கிறோம்.

அந்த ஜன்னல் இடுக்கு வழியாகத் தளிக் காற்று வந்தது. சோபாவுக்கு அடியில் புகுந்து, எங்கள் குதிகால்களைத் தடவி, ஹாலிலிருந்த கொஞ்சநஞ்சச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, கணப்புக்குள் போய்க் குழாயில் ஏறியது. இழுப்பு அவ்வளவு பிரமாதம். முழங்கால் பொசுங்கியது, முதுகு விறைத்தது. பற்றவைக்கும்போது ஹாலில் 19 டிகிரி. ஒரு மணி நேரம் கழித்து, நெருப்பு ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருக்கையில், 18. பிராங்க்ளினுக்குப் பதினொரு வருஷம் கழித்து, 1796-ல், ரம்போர்டு என்ற பிரபு கணப்பைப் பற்றித் தனியாக எழுதினார். சூட்டில் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடுகிறது என்பதுதான் அவருடைய புலம்பலும்.

தெர்மாமீட்டரை மூன்றாவது தடவை தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அம்மாவைக் காணோம். பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே, வெந்நீர் அடுப்பு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று கல், ஒரு ஹண்டா, ரெண்டு தென்னை மட்டை. பக்கத்தில் மனைவி, கையில் காப்பி. எனக்கும் ஒரு மணை போட்டார்கள்.

பொங்கல் கழித்து மேஸ்திரி வந்தார். "கெலமங்கலத்துல ஒரு பார்ட்டி கேக்குது சார். உங்க வீட்டு பயர்பேஸக் கூட்டியாந்து காட்டட்டுமா?"

"தாராளமா" என்றேன். "ஸ்வெட்டர் போட்டுட்டு வரச் சொல்லுங்க."