எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது

கேள்வி: இரவில் ஆத்தும சோதனை செய்கிறேன். கொழுந்தியாள், மருமகள், பங்குச் சாமியார் குற்றமெல்லாம் வரிசையாக வருகிறது. என்னுடையது மட்டும் வரமாட்டேன் என்கிறதே?
– வாசகி, திருமழபாடி

பதில்: பக்கத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர் உங்களை அப்போதே கண்டுகொண்டார் போலும்! அவருடைய ‘பரமார்த்த குருவின் கதை’யில் ஆற்றைக் கடந்த சீடர்கள், தங்களை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஆளைக் காணோம் என்று அழுவார்கள். அவருடைய சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொன்ன வழி: ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, மதியமும் இரவும், விழுந்த தடவைக்கெல்லாம் புள்ளி வையுங்கள். உங்கள் குறை, உங்கள் நோட்டு. மருமகளுக்குப் பக்கம் ஒதுக்கக் கூடாது. அதுவும் பலிக்காவிட்டால் இன்னொரு வழி: கதையில் வரும் வழிப்போக்கன் காசு வாங்கிக்கொண்டு ஆளுக்கோர் அடி போட்டு எண்ணவைத்தான். உங்கள் மருமகள் இலவசமாகவே சொல்வாள், கேட்டுப் பாருங்கள்.